அழுது முடியும்வரை

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையில் இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? என் பிள்ளை கெசியாவுக்கு இருமல் விட்டதா?

கல்முனைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் பழகிவிட்டேன், ஊர்தான் இன்னும் பழகவில்லை. போன ஞாயிறு சபையில் போதகர், கர்த்தர் தந்த வரம் என்னவென்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் பாட்டு என்றார், இன்னொருவர் ஜெபம் என்றார். என் முறை வந்ததும் பக்கத்தில் இருந்தவரைக் காட்டிவிட்டேன். பெற்ற பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன வரம் இருக்கும் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு ஹப்ஸா ராத்தா கணவர் இறந்து, இத்தா என்ற துக்கக் காலத்தில் இருக்கிறா. நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகமாட்டா. பின்னேரத்தில் நான் போய்ச் சும்மா அவவோடு இருப்பேன். வயிறு நிறையச் சாப்பாடும் தருவா, யோசிக்காதீர்கள். நேற்றுச் சொன்னா:

"வாற எல்லாரும் பொறுமை, பொறுமை எண்டு புத்தி சொல்றாங்க புள்ள. நீ மட்டுந்தான் நான் அழுது முடியுமட்டும் பக்கத்துல இருக்காய்."

போதகருக்குச் சொல்ல எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது அம்மா. இனி ஒரு பின்னேரமும் தவறவிடமாட்டேன்.

கெசியா படுக்கும் நேரத்தை எழுதுங்கள். நானும் அப்போதே விளக்கை அணைக்கிறேன். கொப்பிகள் திருத்தக் கிடக்கின்றன, இதோடு நிறுத்துகிறேன். அவள் என்னைத் தேடி அழுதால், "அம்மா நாளைக்கு வருவா" என்று சொல்லாதீர்கள். அழுது முடியும்வரை பக்கத்தில் இருங்கள்.

உங்கள் மகள்,
ஜெனிற்றா