கெமிஸ்ட்ரி சாமி ஆன கதை

எந்த வரிசையிலும் எனக்கு முன்னால் போய் நின்றுவிடும் என் ரஹீமாவுக்கு,

ரேஷன் கடையில் முந்தினாய், காலேஜ் பஸ்ஸில் முந்தினாய், சரி. இதிலுமா? நோய் வந்தது எனக்கு. சொந்தக்காரர்கள் பாவமாகப் பார்த்தது என்னை. ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு, பிரியாணியில் இரண்டாவது தட்டு கேட்டுக்கொண்டு இருந்த நீ, ஒரு திங்கட்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதானாம். உன் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உடம்பைப் பாத்துக்கோங்கம்மா" என்று அழுதார்கள். செத்தது யார் என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

பதினோரு மாதம் ஆகிறது. உன்மேல் இன்னும் கோபம்தான். அதனால்தான் இதுவரை எழுதவில்லை. ஆனால் இப்போது நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முதலில் உடம்பு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொந்த வீடு மாதிரி என்னிடம் குடியிருக்கிறது. நரம்பின் மேல் இருக்கும் உறை அங்கங்கே உரிந்துபோகிறது என்று வேலூர் டாக்டர் படம் போட்டு விளக்கியபோது நீதான் பக்கத்தில் இருந்தாய். "எலி கடிச்ச ஒயர்னு சொல்லுங்க டாக்டர், நாங்க எலக்ட்ரிக் கடைக்காரங்க" என்றாய். மறுநாள் உங்கள் அத்தா கடையிலிருந்து ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப்போடு வந்து நின்றாய். "எங்க உரிஞ்சிருக்குனு காட்டுடி, சுத்திடலாம்." அதைத்தான் என் கைத்தடியின் பிடியில் சுற்றி வைத்திருக்கிறேன். வலது கை இப்போதும் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. சூடு ஏறினால் கால் துவண்டுவிடுகிறது. வெயில் ஆகாத நோய்க்கு, அடி அண்ணாமலையில், நெருப்பு மலையின் காலடியில் வீடு!

அடுத்தது மனசு. இந்த நோயோடு மனச்சோர்வும் வரும், அது தைரியம் கம்மியானதால் இல்லை என்று அதே டாக்டர் சொல்லி, மனநல டாக்டரைப் பார்க்க ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அதை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். நீ போனில் கத்தினாய். "புதன்கிழமை பத்து மணிக்கு உங்க கேட்டாண்ட வந்து ஆரன் அடிப்பேன். நைட்டியோட நின்னா நைட்டியோடவே தூக்கினு போவேன், பாத்துக்கோ."

நீ போனது அதற்கு முந்தின திங்கட்கிழமை. அந்தப் புதன்கிழமை நான் புடவை கட்டிக்கொண்டு பத்து மணிக்கு உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு சீட்டு மறுபடி பீரோவுக்குப் போனது. தலை வாருவது நின்றது. பேச்சு நின்றது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற என் வீட்டுக்காரர், உனக்குத்தான் சேகரைத் தெரியுமே, அவரே "ஏதாவது பேசேன்" என்று கெஞ்சினார் என்றால் பார்த்துக்கொள்.

போன பௌர்ணமி அன்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. வீட்டுக்குள் அனல். சேகரின் காவித் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன். அங்கே போட்டிருந்த நாற்காலி வரை கால் வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிரிவலம் போகிறவர்கள் எதிரே போய்க்கொண்டே இருந்தார்கள்.

இந்த ஊரில் தலை வாராமல், வாய் பேசாமல், காவியோடு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில் ஒரு தெலுங்கு அம்மா வந்து என் முன்னால் இரண்டு வாழைப்பழம் வைத்தாள். "அம்மா, ஒக்க மாட்ட செப்பண்டி" என்று கும்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிறாள். எனக்குத்தான் பத்து மாதமாக வார்த்தையே இல்லையே. ஆனால் என் வலது கை அதுபாட்டுக்கு மேலே எழும்பி ஆடியது. அவ்வளவுதான், அவள் அழுதுகொண்டே விழுந்து கும்பிட்டாள். பின்னால் ஒரு குடும்பம். அதற்குப் பின்னால் இன்னொன்று. அரை மணி நேரத்தில் வரிசை. ஒருவர் வரிசையை ஒழுங்குபடுத்தவும் ஆரம்பித்துவிட்டார்.

"இல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வீட்டில் பேசாமல் இருந்தால் எல்லாரும் பயந்தார்கள். இங்கே பேசாமல் இருந்ததற்குப் பழம் கொடுத்தார்கள். யாரும் "ஏன் இப்படி இருக்கே" என்று கேட்கவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

ஆபீஸ் முடிந்து சேகர் வந்தார். வரிசையைப் பார்த்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒழுங்குபடுத்துகிற ஆள் விடவில்லை.

"செருப்ப கழட்டிட்டு வரிசைல வாங்க சார்."

"யோவ், அது என் சம்சாரம்யா!"

"அம்மா எல்லாருக்கும் பொதுதான் சார். பின்னாடி போங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

அவருக்கு முன்னால் என் வயதில் ஒரு பெண். கீழ்பென்னாத்தூர்க்காரி, பெயர் அஞ்சலை. ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டையை வைத்தாள். வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் வேறு எப்படிச் சொல்வது? வரம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "காலைல எயுந்திருக்கவே புடிக்கல சாமி. புள்ளைங்க நல்லாத்தான் கீறாங்க. நிலத்துலயும் குறையில்ல. எனக்குத்தான் எதுவுமே வாணாம்னு கீது. யார்கிட்ட சொல்றது?"

ரஹீமா, மற்றவர்களை ஏமாற்றிவிட்டேன். இவளை முடியவில்லை.

"எனக்கும் அப்படித்தாங்க இருக்கு" என்றேன்.

"அம்மா வாய் தொறந்துட்டாங்க!" என்று ஒழுங்குபடுத்துகிற ஆள் கத்தினார். வரிசை மொத்தமும் என்மேல் வந்து விழப் பார்த்தது. சேகர் ஒரு கையில் என்னையும் இன்னொரு கையில் அஞ்சலையையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய் கேட்டைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு முதல் சிரிப்பு. சேகர் டீ போடப் போய், அடுப்படியில் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அஞ்சலை நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். நான் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தவள், சாக்பீஸ் கையில் நிற்காததால் வேலையை விட்டவள், சாமியெல்லாம் இல்லை என்று விளக்கினேன்.

"கெமிஸ்ட்ரி சாமிங்களா?" என்றாள்.

அதை விட்டுவிட்டு, "இதுக்கு டாக்டர் இருக்காங்க. பெரியாஸ்பத்திரியில புதன்கிழமை பாக்கறாங்க. போங்க" என்றேன், பாடம் நடத்துகிற குரலில்.

"நீங்க போனீங்களா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பீரோவைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"சாமியே போவல. என்னை மட்டும் போ சொல்றீங்களே, இன்னா நியாயம்?" என்றாள். எனக்கு உன் குரல் மாதிரியே கேட்டது. "புதன்கெழம நானே ஆட்டோ வச்சினு வரேன். ரெண்டு பேருமா போலாம்."

புதன்கிழமை பத்து மணிக்கு எங்கள் கேட்டுக்கு முன்னால் ஆரன் அடித்தது. இரண்டு தடவை. நான் புடவையில்தான் இருந்தேன். ஆனால் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. அதற்குக் கால் காரணம் இல்லை.

ஆஸ்பத்திரியில் நீளமான வரிசை. அஞ்சலை என் தடியை வாங்கி உயர்த்திப் பிடித்து, "சாமி வராங்க, வழி வுடுங்க" என்றாள். ஜனங்கள் விட்டுவிட்டார்கள், ரஹீமா! வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையில் முந்தினேன். நீ பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாய்.

டாக்டரம்மா நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நேற்றுகூட மத்தியானம் வரை படுக்கையில்தான் இருந்தேன். இன்று தலை வாரியிருக்கிறேன். உனக்கு எழுதுகிறேன். மல்லாட்டை தின்றுகொண்டேதான்.

நானாக மாத்திரையை நிறுத்த மாட்டேன். டாக்டரம்மா வரச்சொன்ன புதன்கிழமையெல்லாம், ஆரன் கேட்பதற்கு முன்னால் கேட்டில் நிற்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. நீ அந்தப் பக்கம் வரிசையில் எனக்கு இடம் பிடித்து மட்டும் வைக்காதே. உனக்குத்தான் தெரியுமே, நான் மெதுவாகத்தான் நடப்பேன்.

உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மாவும்
உனக்கு என்றைக்கும் பின்னால் நிற்பவளுமான
பரிமளா