வீரலட்சுமி கொண்டுவந்த வாரக்குட்டி

ஏழாயிரம்பண்ணை,
திருவள்ளுவர் ஆண்டு 2056, கார்த்திகை 2, செவ்வாய்.

முப்பத்தொன்பது ஆண்டுகளாக என் பேச்சையும் என்னையும் பொறுத்துக்கொண்ட வெள்ளைத்தாயே! மதுரையில் தன் வீட்டில் உன் பக்கத்தில் அமர்ந்து இக்கடிதத்தை உரக்கப் படிக்கப்போகும் என் கொழுந்தியாள் அழகுமீனாவே! இருவருக்கும் வணக்கம்.

நலம் கேட்டுத் தொடங்குவதே முறை. ஆனால் உன் நலமே இன்று வழக்காகிவிட்டது. ஆகவே முறையீட்டை முதலில் வைக்கிறேன். கட்டி பரவுவதற்குள் அந்த ஒரு மார்பை எடுத்துவிட்டால் உயிருக்கு அச்சமில்லை என்று மதுரை மருத்துவர் அம்மையார் நம் இருவரையும் அமரவைத்துச் சொன்னார். நாளும் குறித்தார். முதல் நாளை, நம் ஆட்டைக் காட்டி, "கருப்பி சினையா இருக்கா, அவ ஈனட்டும்" என்று தள்ளினாய். இரண்டாம் நாளை, "பிள்ளைகளை யாரு பாப்பா" என்று தள்ளினாய். மூன்றாவதாகக் குறித்த நாள் வருகிற வியாழன். அதையும் நீ தள்ளப் பார்ப்பதாக அழகுமீனா சொல்கிறாள். இதைக் கண்டிக்கிறேன். முழு மனத்தோடு, முழுக் குரலோடு கண்டிக்கிறேன்.

கைபேசியில் சொன்னால், "மேடையில பேசுற மாதிரி எங்கிட்டப் பேசாதீக" என்று சொல்லிக் கோழிக்குத் தீனி வைத்தேனா என்று கேட்கிறாய். நான் பதில் சொல்வதற்குள் அணைத்தும் விடுகிறாய். அணைக்காவிட்டாலும் பயனில்லை. ஐயாயிரம் பேர் முன்னிலையில் தடுமாறாத குரல் உன் பெயரைச் சொல்லும்போது உடைந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். தாளில் என் குரல் உடைவது உனக்குக் கேட்காது.

கோழிகளுக்குத் தீனி வைத்தேன். அடையில் இருந்த செவலைக்கோழி பதினொரு குஞ்சு பொரித்தது. பருந்து ஒன்றைக் கொண்டுபோயிற்று, பத்து மேய்கின்றன. வான்கோழிதான் எனக்கு ஒத்துவரவில்லை. நான் குரலை உயர்த்தினால் அதுவும் கழுத்தை நீட்டிக் கடகடவென்று கத்துகிறது. நம் சின்னப் பேத்தி ரோஜா, "தாத்தா, அது உங்களுக்குக் கைதட்டுது" என்கிறாள். ஐந்து வயதில் இவ்வளவு நையாண்டி யாரிடமிருந்து வந்தது என்று ஆராயத் தேவையில்லை. அழகுமீனாவைப் பார்த்தாலே தெரியும்.

மருமகள் கற்பகவல்லியைக் குறை சொல்லாதே. இது நாட்காட்டி அச்சிடும் காலம். சிவகாசி அச்சகத்தில் அவளை எட்டு மணி வரை நிறுத்திவைக்கிறார்கள். சோர்ந்து வந்தும் மறுநாளைக்கு மாவாட்டி வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். ஓமனில் இருக்கும் நம் மகன் நாள்தோறும் அழைத்து, "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சா" என்ற ஒன்றையே கேட்கிறான். காலையில் பிள்ளைகளுக்குத் தலைவாருவது என் பொறுப்பு. பள்ளியில் இரட்டைச் சடை மடித்துக் கட்டச் சொல்கிறார்கள். ஒன்பது வயதுச் சுகிர்தா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தாத்தா, இது சடையில்ல, வைக்கப்பிரி" என்றாள். எத்தனை காலை நீ இதைச் செய்தாய், அதே நேரத்தில் எனக்கு வெந்நீரும் வைத்தாய், பாலும் கறந்தாய்! நானோ அவ்வேளையில் நாளிதழைப் பிரித்துவைத்து நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். நன்றி என்ற சொல்லை எத்தனையோ மேடைகளில் இறுதியாகச் சொல்லி இறங்கியிருக்கிறேன். வீட்டில் ஒருமுறையும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், வெள்ளைத்தாய். நன்றி.

இனி நான் செய்த பிழை ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அழகுமீனா, சிரிக்காமல் படி.

பள்ளிக்குப் பின்புறம் பட்டாசு ஆலைக் கழிவை எரிக்கும் குழியை மூட வேண்டும் என்று நாங்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். நீ மதுரைக்குப் போன மூன்றாம் நாள், அந்த ஆலையின் மேலாளர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அந்தச் சூடு ஆறுவதற்குள், அதே ஆலையில் வேலை பார்க்கும் வீரலட்சுமி, நெற்றியில் மஞ்சள் தடவிய பெட்டை ஆட்டுக்குட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "அக்கா இல்லையாய்யா? குட்டியக் கொடுத்திட்டுப் போக வந்தேன்" என்றாள்.

நான் என்ன நினைத்திருப்பேன்! இனிப்பு எடுபடவில்லை என்று ஆட்டுக்குட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். "இந்தச் சண்முகவேலை ஓர் ஆட்டுக்குட்டிக்கு விலை பேச வந்தாயா?" என்று தொடங்கியவன் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. கையூட்டின் கேட்டைச் சொன்னேன். தன்மானத்தின் பெருமையைச் சொன்னேன். தெரு கூடிவிட்டது. வான்கோழி வேறு ஒவ்வொரு சொற்றொடருக்கும் கத்திற்று. வீரலட்சுமி, மூன்று விரல் இல்லாத தன் இடக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, குட்டியோடு திரும்பிப் போய்விட்டாள்.

அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் சுகிர்தா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, அது கம்பெனிக் குட்டியில்ல. நம்ம கருப்பியோட பேத்தி. அப்பத்தா வாரத்துக்கு விட்ட ஆட்டோட குட்டி" என்றாள்.

நம் தொழுவத்தில் பிறந்த பெட்டைக்குட்டிகளை எல்லாம் நீ விற்றுவிட்டாய் என்றே இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தேன். ஊரில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, ஆடு விடுகிறவர்கள் ஒவ்வோர் ஈற்றிலும் பாதி கேட்பார்கள். நீயோ ஒரே ஒரு குட்டி திரும்பி வந்தால் போதும், தாயாடு வளர்த்தவளுக்கே சொந்தம் என்று விட்டிருக்கிறாய். வந்த குட்டியையும் வைத்துக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். ஆலை மூடி வேலையிழந்தவள், கணவனை வெடிக்குக் கொடுத்தவள், தீக்காயத்தோடு மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் என்று பதினான்கு வீடுகள். வீடுகளின் பெயர்களைச் சுகிர்தா ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தேநீர்க்கடை ஒச்சப்பன் கேட்டானே ஒரு கேள்வி: "நாப்பது வருசமா மைக்கப் பிடிச்சு ஊரத் திருத்துனீக. அக்கா சத்தமில்லாம ஆட்ட விட்டே திருத்திட்டாகளே, ஐயா?"

வாரக்குட்டியை வாங்காமல் திருப்பினால், வளர்த்தவள் கை ராசியில்லாதது என்று பொருளாம். அதையும் பிள்ளைதான் சொன்னாள். அந்தக் கையைப் பார்த்து நான் முகம் சுளித்ததாக அவள் எண்ணியிருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலை பேத்திகள் இருவரையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் வைத்து இழிவு செய்தவன் தெருவில் வைத்தே மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டேன். அவள் பதறிப்போய், "ஐயோ, நீங்க போயி எங்கிட்ட... விடுங்கய்யா. அக்கா இருந்திருந்தா குட்டிய வாங்குறதுக்கு முன்ன என் கையத்தான் பிடிச்சிருப்பாக" என்றாள்.

பிறகு சொன்னாள். பட்டாசு ஆலை விபத்துக்குப் பின் ஆறு மாதம் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம். கழுத்துத் தழும்பையும் கையையும் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தண்ணீர்க்குழாய்க்கும் இருட்டிய பிறகே போவாளாம். ஒருநாள் நீ ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய், கயிற்றை நீட்டி, "கைய வெளிய எடுடி. முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு ஆடு எப்படி மேய்ப்ப? போன விரல் போச்சு, இருக்கிற நீ இருக்கியா இல்லையா?" என்றாயாம். அவள் அழுதாளாம். நீ அழவிட்டு, கயிற்றை அந்தக் கையிலேயே கட்டிவிட்டு வந்தாயாம்.

வெள்ளைத்தாய், இப்போது நான் சொல்லப்போவதற்கு உன் தங்கையைக் கடிந்துகொள்ளாதே. நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். ஆடும் பிள்ளைகளும் சாக்கு. நீ அவளிடம் சொன்னது வேறு. "ஒத்த மாரோட ஊருக்குள்ள எப்படி நடப்பேன்? அவுக முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றிருக்கிறாய்.

என் முகத்திலா? இந்த முகத்திலா? கூட்டம் கூட்டமென்று ஊர்சுற்றிவிட்டு வந்த இந்த முகத்துக்கு எந்நேரமும் கதவைத் திறந்தவள் நீ. உன் மகனையும் வளர்த்து, என்னையும் வளர்த்து, பதினான்கு வீடுகளையும் நிமிர்த்திய உடம்பு அது. அதில் எந்தப் பகுதி இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கும் கண் எனக்கு இருந்தால் அந்தக் கண்ணை முதலில் எடுக்கச் சொல். நீ இருக்கிறாயா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

உன்னைப் பற்றி நான் ஊரில் சொன்ன பொய்யும் அன்றே உடைந்தது. "அக்கா தங்கச்சி வீட்டுக்கு விசேசத்துக்குத்தான போயிருக்காக?" என்று வீரலட்சுமி கேட்டபோது என்னால் தலையாட்ட முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ சினப்பாய், தெரியும். சினந்துகொள். நீ மறைக்கச் சொன்னதை மறைக்க எனக்கு வலிமை போதவில்லை.

ஆனால் அதன் விளைவைக் கேள். தீபாவளி முடிந்து ஆலைகள் இன்னும் திறக்கவில்லை. பெண்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அன்று மாலையே நீ ஆடு விட்ட பெண்களால் நம் முற்றம் நிறைந்துவிட்டது. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களாகவே முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒருத்தி தொழுவம் கூட்டுகிறாள், ஒருத்தி பிள்ளைகளுக்குச் சடை பின்னுகிறாள். சுகிர்தாவுக்குப் பேரின்பம். கருப்பி சென்ற வெள்ளியன்று இரண்டு பெட்டைக்குட்டி ஈன்றாள். நான் பரபரத்துக் கத்தியதைப் பார்த்து வீரலட்சுமி, "ஐயா, கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க. உங்க தொண்டையக் கேட்டா வெளிய வர்ற குட்டியும் உள்ள போயிரும்" என்றாள். அவளே பிடித்தெடுத்துத் துடைத்தாள், அந்தக் கையால்தான். தாயும் சேயும் நலம். நான் திருப்பி அனுப்பிய குட்டியும் நம் தொழுவத்தில்தான் நிற்கிறது. அதை அடுத்து எந்த வீட்டுக்கு அனுப்புவதென்று யாருக்கும் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டுமாம்.

கிராம சபைக் கூட்டமும் நடந்தது. நவம்பர் முதல் நாள். நான் எழுதி வைத்திருந்த உரை பன்னிரண்டு பக்கம். எழுந்து நின்றேன், பார்த்தேன், ஒலிவாங்கியை வீரலட்சுமியிடம் கொடுத்துவிட்டு அமர்ந்தேன். அவள், "நானும் அந்தக் கம்பெனிலதான் வேலை பாக்கேன். வேலை வேணும். ஆனா குழி இங்கன வேண்டாம். எம்பிள்ள இருமுறத ஒரு ராத்திரி வந்து கேட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்றாள். அவ்வளவுதான். வந்திருந்த அலுவலர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சென்ற வாரம் குழியில் மண் அடித்துவிட்டார்கள். நான் பேசியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். குழி மூடியிருக்குமா என்பது ஐயமே.

இத்தனைக்கும் பிறகு உன் சாக்குகளில் எது மிச்சம்? கருப்பி ஈன்றுவிட்டாள். பிள்ளைகள் தலைவாரிப் பள்ளி செல்கிறார்கள். நம் நிலத்தில் விதைத்த உளுந்தும் முளைத்துவிட்டது, மழையும் போதும். உன் அச்சம் ஒன்றே மீதம். அது எனக்கும் இருக்கிறது. உன்னைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. அஞ்சாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அஞ்சிக்கொண்டே போ என்றுதான் சொல்கிறேன்.

இக்கடிதத்தை அஞ்சலில் சேர்க்கவில்லை. நாளைக் காலைப் பேருந்தில் வீரலட்சுமியே கொண்டுவருகிறாள். அறுவை முடியும்வரை உன்னோடு தங்குவாளாம். நான் வேண்டாமென்றேன். "உங்ககிட்ட யாரு கேட்டா?" என்றாள். வியாழன் விடியலில் நானும் அங்கு வந்து நிற்பேன். பேத்திகளை அன்று பார்த்துக்கொள்ள ஆறு வீடுகள் போட்டியிடுகின்றன.

ஆகவே, வெள்ளைத்தாய், ஆராய்ந்தது போதும். அழகுமீனா இதைப் படித்து முடித்ததும் எழுந்திரு. பையில் இரண்டு சேலை எடுத்து வை. அறுவைக்கு மருத்துவமனையில் கொடுத்த ஒப்புதல் தாள் அலமாரியில் அப்படியே இருக்கிறதாம். அதை எடு. நாளை என்று சொல்லாதே, விளக்கு வைத்த பிறகு என்றும் சொல்லாதே. வீரலட்சுமி எதிரில் இருக்கும்போதே, இப்போதே, உன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடு.

உன்னை நம்பியே நிற்கும்,
சண்முகவேல்