டீவி போட்டு மறைத்த சத்தம்

சனிக்கிழமை காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் கடகடவென்று ஒரு சத்தம். தேங்காய் மூடியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பிரிட்ஜ்தான். உன் காதில் விழக்கூடாது என்று ஒரு காலத்தில் நான் படாத பாடு பட்டேனே, அதே சத்தம். நீ போய் இரண்டு வருஷமாக வாயைத் திறக்காமல் கிடந்த பெட்டி, இப்போது சுவரைப் பிறாண்டுகிற மாதிரி கத்துகிறது.

யாரிடமும் சொல்லாததை உன்னிடமே சொல்லிவிடுகிறேனடி. உன் இன்சுலின் இந்தப் பெட்டியில்தானே இருந்தது. நீ போவதற்கு முந்திய நாட்களில் இது இப்படித்தான் கடகடத்தது. பெட்டி சரியாகக் குளிராமல் உன் மருந்து கெட்டுவிட்டதோ, கெட்ட மருந்தைப் போட்டுத்தான் நீ போய்ச் சேர்ந்தாயோ என்று இரண்டு வருஷமாக எனக்குள் ஒரு நெருப்பு. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் மாரடைப்பு என்றுதான் சொன்னார். உன் மகனும் அதை நம்பிவிட்டான். என் மனசு மட்டும் கேட்கவில்லை.

கொழும்பில் வேலை செய்யும் என் மகள் இந்தப் பெட்டியை அனுப்பியபோது நம் தோட்டத்து லயத்தில் இதுதான் முதல் பிரிட்ஜ். லொறியிலிருந்து இறக்கியபோது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஒரு வீட்டு மீன், ஒரு வீட்டுத் தயிர் என்று எல்லாம் என் பெட்டிக்குள் வந்தன. உன் மருந்தும் வந்தது. கிளினிக்கில் சொன்னார்கள் என்று நடுத்தட்டில்தான் வைப்பாய். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் உறைந்துவிடும் என்பாய். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு தடவை வருவாய். ஊசியைப் போட்டுக்கொண்டு போய்ச் சாப்பிட வேண்டும் என்பாய். போகமாட்டாய். சாப்பாட்டையும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து என் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாய். வாய் ஓயாமல் பேச்சு வேறு. வீட்டுக்காரர் செத்த பிறகு என் வீட்டில் மனுஷக் குரல் கேட்டது அந்த இரண்டு நேரம்தான்.

வந்த புதிதில் பெட்டி போட்ட சத்தங்களுக்கு நான் பயந்த பயம் உனக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே தண்ணீர் ஓடுவது போல ஒரு களகளப்பு. திடீரென்று படக் என்று ஒரு வெடிப்பு. போதாததற்கு ராத்திரியும் பகலும் ஒரு ரீங்காரம். இதை எப்படி அடக்குவது என்று யோசித்து, கொழுந்து எடுக்கும்போது மழைக்கு மலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டேன். நீ வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாய்.

"ஊரே குளிருல நடுங்குதுன்னு பிரிட்ஜுக்கும் கம்பளி போத்திவிட்டியா புள்ள?"

சிரித்து முடித்ததும் திட்டினாய். கம்பளியை அவிழ்த்து, பெட்டியின் பக்கவாட்டில் என் கையை வைத்துக் காட்டினாய். கொதித்தது. உள்ளே இருக்கிற சூட்டை அது வெளியே தள்ளுகிறது, அதைப் போகவிடாமல் கட்டினால் மோட்டார் மூச்சுவிடாமல் ஓடிச் செத்துப்போகும் என்றாய். தேயிலைப் பெக்டரியில் இருபது வருஷம் ரோலர்களுக்கு நடுவில் நின்றவள் நீ. எந்த மெஷின் எதற்குக் கத்துகிறது என்று உனக்குத் தெரியும். களகளப்பு குழாயில் கேஸ் ஓடுவது, படக் என்பது குளிரில் பிளாஸ்டிக் சுருங்குவது, நிற்கும்போது ஒரு குலுக்கு குலுக்குவது மோட்டார் ஓய்வெடுப்பது. இதெல்லாம் பெட்டி உயிரோடு இருக்கிற சத்தம் என்றாய். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு வேலைதான் செய்யச் சொன்னாய்.

"கைய வெச்சு அமுக்கிப் பாரு. சத்தம் நின்னா அது வெளிய உள்ள சத்தம், பயமில்ல. நிக்கலன்னாத்தான் உள்ள என்னமோ கோளாறு."

கடைசியில் ஒரு மிரட்டலும் விட்டாய். இன்னொரு தடவை பெட்டியை இப்படிப் பாடாய்ப்படுத்தினால் மருந்தைப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வீட்டுப் பிரிட்ஜுக்குக் கொண்டுபோய்விடுவாயாம். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். நான் அதை மறக்கவில்லை.

அதனால்தான் அந்தக் கடகடப்பு வந்தபோது உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. மருந்து போனால் நீயும் போய்விடுவாய் என்ற பயம். காலையிலும் பின்னேரம் ஐந்து மணிக்கும் நீ வருகிற நேரம் பார்த்து டீவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். நாடகத்தில் எவளாவது அழுதுகொண்டிருப்பாள். அவள் அழுகையில் பெட்டியின் கடகடப்பு அமுங்கிவிடும். "அந்த டீவியக் கொஞ்சம் கொறை புள்ள, காது வலிக்குது" என்பாய். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று பொய் சொன்னேன். ஐந்தாறு நாள் இப்படி ஓட்டினேன். பிறகு சத்தம் தானாகவே நின்றது. பிழைத்தேன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் விடியற்காலை உன்னைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது பக்கத்து லயத்து மருமகள் வந்து, மாமியாருக்கு இன்சுலின் எழுதிவிட்டார்கள், உங்கள் பிரிட்ஜில் வைக்கலாமா பெரியம்மா என்று கேட்கிறாள். கேட்டது வெள்ளிக்கிழமை. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மறுநாளே சத்தமும் வந்துவிட்டது. நீ சொன்னபடி கையை வைத்து அமுக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லையடி. சத்தம் நிற்காவிட்டால் உன்னைக் கொன்றது நான்தான் என்று ஆகிவிடுமே.

ஹாலிஎல டவுனிலிருந்து பிரிட்ஜ் திருத்துகிறவரை வரச் சொன்னேன். அமைதியான மனுஷர். வந்ததும் உள்ளே குளிர்ந்திருந்த தண்ணீரை ஒரு கிளாஸில் ஊற்றி, தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளேயே வைத்துவிட்டு, பெட்டிக்கு மேலே இருந்த பூச்சாடி, சாமிப்படம் எல்லாவற்றையும் இறக்கினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? உள்ளங்கையை வைத்து அமுக்கினார். சத்தம் டக்கென்று நின்றது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

தரை ஒரு பக்கம் தாழ்வாக இருக்கிறதாம். பெட்டி பின்பக்கம் சாய்ந்து, மோட்டார் ஓடும்போதெல்லாம் குழாய் சுவரில் தட்டுகிறதாம். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினார். நாலு டிகிரி. மருந்துக்கு இதுதான் சரியான குளிர் என்றார். நான் விடவில்லை. இதே சத்தம் முன்னேயும் வந்ததே, அப்போது உள்ளே இருந்த மருந்து கெட்டிருக்குமா என்று கேட்டேன்.

"இந்தச் சத்தத்துக்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லீங்கம்மா. அப்ப யாரோ சரியாத்தான் பாத்திருக்காங்க. கால்ல அட்டை வெச்சிருக்காங்களே. தரை கழுவுற தண்ணி பட்டு இப்ப நைஞ்சு போச்சு."

நான் எந்த அட்டையும் வைக்கவில்லை. குனிந்து, பின்காலுக்கு அடியிலிருந்து அதை உருவிக் கொடுத்தார். நாலாக மடித்த மருந்துப் பெட்டி அட்டை. ஈரத்தில் ஊறி அப்பளமாகிக் கிடந்தது. மெல்லப் பிரித்தேன். கிளினிக்கில் பேனாவால் எழுதிய உன் பெயர், பாதி அழிந்து.

அப்போதுதான் எனக்குச் சத்தம் நின்ற அந்தப் பின்னேரம் ஞாபகம் வந்தது. தேத்தண்ணியோடு வருகிறேன், நீ பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய். மருந்து கீழே விழுந்துவிட்டது என்றாய். நானும் நம்பினேன். அடிப்பாவி, அவ்வளவு டீவி அலறலிலும் உனக்குக் கேட்டிருக்கிறது. கையை வைத்து அமுக்கிப் பார்த்திருக்கிறாய். காலுக்கு அட்டையும் வைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், மருந்தை அதே நடுத்தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வந்தவர் பாவம், பயந்துபோய், பிரிட்ஜ் நல்லாத்தான் இருக்குங்கம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நல்லாத்தான் இருக்கு, தெரியும் என்றேன். நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்று, அன்றைக்குத்தான் தூங்கினேன்.

காலுக்கு இப்போது தண்ணீர் பட்டாலும் நையாத ரப்பர் துண்டு வைத்துவிட்டுப் போனார். உன் அட்டையைக் காயவைத்து, பெட்டிக்கு மேலே பூச்சாடி இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அந்த மருமகள் மருந்தைக் கொண்டுவந்தாள். உன் இடத்தில், நடுத்தட்டில் வைக்கச் சொன்னேன். டீவி போடவில்லை. இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று உட்கார வைத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது மோட்டார் நின்று பெட்டி ஒரு குலுக்கு குலுக்கியது. அந்தப் பெண் கோப்பையோடு எழுந்துவிட்டாள்.

"என்னங்க பெரியம்மா அது சத்தம்?"

"பயப்படாத புள்ள," என்றேன். "இங்க வா. கைய வெச்சுப் பாரு."