குழல் நடுங்கவில்லை, மச்சான்

அன்பு மச்சான் செல்வராசுவுக்கு,

நாகலூரில் காபி பூத்திருக்கிறது. உன் தங்கை சரசு நலம். நான் இப்போது இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறேன், சிரிக்காதே. "செவிடன் காதுல ஊதுன சங்கும்பாங்க, நான் கொழலே ஊதறேன் மாப்ள" என்று நீ கேலி செய்த அதே காதுதான்.

நீ குழலில் ஒரு சுரத்தை நீட்டி முடிப்பதற்குள் நான் கீபோர்டில் நுழைந்துவிடுவதாகச் சண்டை பிடிப்பாயே, உன் நீட்டலின் கடைசி எனக்கு எட்டவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. மெஷினுக்கு மேலேயே ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன், கம்ப்யூட்டரில் பாட்டும் சேர்க்கிறேன். சின்ன ஹெட்போன் அழுத்தினால் மெஷின் 'கீ' என்று கத்தும். காதை முழுதாக மூடும் பெரியதுதான் ஒத்துவருகிறது.

மாரியம்மன் நோம்பிக்கு நாம் கடைசியாகப் பதிவு செய்த பாட்டு, நீ நெஞ்சுவலியில் போனபின் பாதியில் கிடந்தது. மெஷின் வந்ததும் அதைத்தான் முதலில் திறந்தேன். ஐயோ மச்சான், நீ நீட்டி ஊதிய இடமெல்லாம் நடுங்கியது! வலியை மறைத்துக்கொண்டா ஊதினாய்? அழுதுவிட்டேன். நோம்பியில் அதைக் கேட்டு ஊர் உன்மேல் பரிதாபப்படக் கூடாதென்று நீட்டல்களை ஒவ்வொன்றாக வெட்டினேன்.

சரசு ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். "ஏனுங்க, எங்கண்ணன் மூச்சு எங்கீங்க? வெட்டுனதைப் போடுங்க பாக்கலாம்."

போட்டேன்.

"நடுக்கமா? துளிகூட இல்லீங்க. நோவு உங்க மிசினுக்குத்தானுங்க!"

சேலத்துக்குப் பஸ் ஏறினோம். மெஷின் பொருத்திய அம்மா விளக்கினார்: "குழல்ல ஒரே சுரத்தை நீட்டுனா, மெஷின் அதைத் தன்னோட விசில்னு நெனச்சு அடக்கப் பாக்குதுங்க. அதான் நடுங்கற மாதிரி கேக்குது. பாட்டுக்குன்னு தனி செட்டிங் வெச்சுத் தாரேன்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஒரே மூச்சு, மச்சான். கொண்டைஊசி வளைவில் குலுங்காமல் ஜீப் ஓட்டுவாயே, அப்படி. நல்லவேளை, வெட்டியதை அழிக்கவில்லை. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ஒட்டிவிட்டேன். அன்றைக்கு உனக்கு வலித்ததா, இல்லையா? அதை எந்த மெஷினும் சொல்லாது. ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது.

வரும் நோம்பிக்கு ஒலிபெருக்கியில் நீ ஊதுவாய், நான் மேடையில் வாசிப்பேன். நீ நீட்டும்போது கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன். நீ முடிக்கும்வரை தொட மாட்டேன், இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டிய செவிட்டு மாப்பிள்ளை,
சின்னராசு