குறைக்கிற மாத்திரை

நாராயணவனம்,
4.2.2025

பத்மினிக்கு அக்கா செல்வி எழுதுவது.

ஆஸ்டலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விரல் வீக்கத்துக்குக் கட்டுப் போடலாமென்று புத்தூர் போனேன். கட்டுப் போடுகிறவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது எலும்பு சமாச்சாரம் இல்லம்மா, பெரிய டாக்டர் கிட்ட போ" என்று அனுப்பிவிட்டார். திருப்பதிக்கு வந்தால் நீ வகுப்பை விட்டு ஓடிவருவாய். அதனால் சித்தூரில் காட்டினோம்.

முடக்குவாதமாம். வாரத்துக்கு ஒரு மாத்திரை. மருந்துக் கடைக்காரர், "எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மாத்திரம்மா, ஜாக்கிரத" என்றார். தூக்கிவாரிப்போட்டது. கொரோனாவில் நீதானே, "எதிர்ப்பு சக்திய ஏத்திக்கினே இருக்கணும்க்கா" என்று கஷாயம் குடிக்க வைத்தாய்? மாத்திரையைத் தொடவில்லை. கஷாயத்தை இரண்டு வேளையாக்கிவிட்டேன். "தங்கச்சி சொன்னா மண்ணக்கூட துன்னுவ" என்கிறார் உன் மாமா.

காலையில் தம்ளர்கூடப் பிடிக்க முடியவில்லை. எது சரி?

அக்கா

திருப்பதி,
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். தவறு என்னுடையது. பாதிப் பாடம் படித்துவிட்டு முழுதாகத் தெரிந்ததுபோலச் சொன்னேன்.

ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களின் வேலை, வெளியிலிருந்து வரும் கிருமியை அடிப்பது. ஒருமுறை அடித்த கிருமியை அவை மறப்பதில்லை. ஏழு வயதில் உனக்கு வந்த அம்மை திரும்ப வராதது அதனால்தான். ஆனால் நம்மவர் யார், அந்நியர் யார் என்று அவற்றுக்குத் தெரியவேண்டும்.

நம் நாய் ராஜுவை நினைத்துப்பார். திருமலையில் மொட்டை போட்டு வந்த நைனாவை யாரோ என்று கடித்துவிட்டதே! நைனா ஒற்றைக்காலில் குதித்தபடி, "டேய், நான்டா! உனுக்குச் சோறு போட்டவன்டா!" என்று கத்தினார். நீ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். இங்கே நுண்ணோக்கியில் கண்ணை வைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் கேட்கிறது.

உன் உடம்பிலும் காவல் குறையவில்லை, அக்கா. ஆள் தெரியாமல் உன் மூட்டுகளையே கடிக்கிறது. ராஜுவை நாம் துரத்தவில்லை, கட்டித்தான் போட்டோம். மாத்திரை அந்தக் கயிறு. கட்டிப்போட்ட நேரத்தில் கிருமி நுழையலாம். அதனால் காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போ. வாரத்துக்கு ஒன்றுதான், தினமும் கூடாது. கஷாயத்தை நிறுத்து.

எத்தனை நாளாக இந்த வலி? மறைக்காமல் எழுது.

உன் பத்மினி

நாராயணவனம்,
25.5.2025

பத்மினிக்கு,

பரீட்சை முடிந்ததென்று மாமா சொன்னார். இனி எழுதலாம்.

மாத்திரை போட்டு மூன்று மாதம் ஆயிற்று. நேற்று கீர்த்திக்கு நானே ஜடை பின்னினேன். "மெல்ல இழும்மா, வலிக்குது!" என்று கத்தினாள். கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

வலி இரண்டு வருடமாக இருக்கிறது. நீ எம்.எஸ்ஸி. சேர்ந்த மாதம் ஆரம்பித்தது. சொல்லியிருந்தால் படிப்பை விட்டு வந்திருப்பாய். வலது கையில் இரண்டு விரல்கள் இனி நேராகாதாம். முன்பே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மறைத்தது நான். உன் கஷாயத்துக்கு இதில் பங்கில்லை.

நான் மாத்திரையை நிறுத்தமாட்டேன். நீ உன்னையே திட்டிக்கொள்வதை நிறுத்து.

அக்கா