சந்தன மாலையும் ஐந்தரைச் சங்கும்

மார்ச் 2, திங்கள்

மாசியே முடியவில்லை, வெயில் அதற்குள் கத்திரி வேடம். விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி திண்டிவனத்தில் இறங்கும்போது முதுகுச் சட்டையில் ஓர் ஏரி. கொக்கு வந்து நின்றிருந்தாலும் ஆச்சரியமில்லை.

முதலாளி சுகுமார் சென்னையில் இரண்டு நாள் பயிற்சி முடித்துத் திரும்பியிருக்கிறார். தலைப்பு: ஊழியர் மனமகிழ்ச்சி. கழுத்தில் இன்னும் அந்த அடையாள அட்டை.

"சித்தப்பா, இன்னிலேர்ந்து நீங்க வெறும் சூப்பர்வைசர் இல்ல. ஹேப்பினஸ் ஆபீசர்."

(இவருடைய அப்பா என்னைத் தம்பி என்றார். அதனால் இவருக்குச் சித்தப்பா. அதனால் இந்த மல்லாட்டை மில் முழுக்க, வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை மில் முழுக்க, சித்தப்பா. ஐம்பத்தெட்டு வயதில் இத்தனை அண்ணன் பிள்ளைகள் உள்ளவன் பூமியில் நான் ஒருவன்தான்.)

பட்டாபிஷேகத்தின் காரணம்: ஓடும் பெல்ட் ஓரம் உட்கார்ந்து பருப்பில் சொத்தை பொறுக்கும் பன்னிரண்டு பெண்களும் கிளம்பத் தயார். புதிதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே வேன் வரும். 16-ந் தேதி ஆள் சேர்ப்பு. ரோசலின் போனால் பன்னிரண்டு பேரும் போவார்கள். போனால் மில்லில் மிச்சம் நான், மெஷின்காரர், வாட்ச்மேன், ஒரு பூனை. பூனைக்குச் சொத்தை பார்க்கத் தெரியாது.

ரோசலின்: முகையூர்ப் பக்கம் பிறந்து மயிலம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பதினாலு வருஷமாக இதே பெல்ட். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொத்தையை எடுப்பாள். சத்தியம். (பாதி சத்தியம்.)

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் குடைந்தான். பெரிய விஷயம்தான். ஆனால் அவனுக்குப் பாறையாவது இருந்தது. எனக்குக் கொடுத்தது ஓர் அட்டைப்பெட்டி, இரண்டு ஸ்கெட்ச் பேனா.

நாளைக்கு: 1. சிரிப்புப் பயிற்சி. 2. யோசனைப் பெட்டி. 3. சரோஜாவுக்கு முட்டித் தைலம். (இரண்டு நாளாகச் சொல்கிறாள். இல்லத்து மனமகிழ்ச்சியும் என் இலாகாதான்.)

மார்ச் 3, செவ்வாய்

காலை 9. சங்கு ஊதினேன். அந்த சுவிட்ச் முப்பது வருஷமாக என் கையில். சூரியனே அதைக் கேட்டுத்தான் மேலே ஏறுகிறது.

பிறகு சிரிப்புப் பயிற்சி. பயிற்சிக் காகிதப்படி: கை தூக்கவும், மூச்சு இழுக்கவும், "ஹா ஹா ஹா". நான் தனியாகச் சிரித்தேன். பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். பூனை வெளியே போய்விட்டது.

வள்ளியம்மா, பெல்ட்டிலேயே மூத்தவள்: "இன்னா சித்தப்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சிரிம்மா. உத்தரவு."

"சிரிச்சா பல் செட்டு பெல்ட்டுல வுழுந்துடும். அப்பறம் அதையும் சொத்தைன்னு எடுத்துப் போட்டுடுவாளுங்க."

அதற்கு மில்லே சிரித்தது. தகரக்கூரை நான்கு அங்குலம் உயர்ந்து இறங்கியது. பயிற்சி வெற்றி என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

ரோசலின் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைலம் மறந்தேன்.

மார்ச் 4, புதன்

பெட்டி வைத்தாயிற்று. 'உங்கள் மனதில் உள்ளதை எழுதிப் போடவும்.' சாயங்காலம் திறப்பு விழா. நாடா வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. பல்லால் வெட்டினேன்.

பெட்டிக்குள்:
சொத்தை மல்லாட்டை, இரண்டு.
மிட்டாய்க் காகிதம், ஒன்று.
பொம்மை ஒன்று: வயிறு பெரிய ஆள், மீசை, கையில் சங்கு. (மீசை சரியாக வரவில்லை.)
மகளிர் இலவச பஸ் டிக்கெட் ஒன்று, பின்னால் பேனாவால் 5.35. யாரோ போன் நம்பர் எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டது போல.

டிக்கெட்டை இந்த டைரிக்குப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். முதலாளியிடம் அறிக்கை: "யாருக்கும் ஒரு குறையும் இல்ல தம்பி."

தைலம் வாங்கினேன். சரோஜாவின் முட்டிக்கு வேறு தைலமாம். இது இல்லையாம்.

மார்ச் 6, வெள்ளி

இன்றைய திட்டம் பயிற்சியின் மகுடம்: 'வார நட்சத்திரம்'. சிறந்த ஊழியரின் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும்.

முதல் நட்சத்திரம் யார் என்பதில் சந்தேகம் உண்டா? ரோசலினின் ஆதார் நகலைக் கொடுத்துப் பெரிதாக்கி, பிரேம் போட்டேன். பிரேம் மொட்டையாக இருந்தது. மகாராணிக்கு இதுவா மரியாதை? கடைத்தெருவில் சந்தன மாலை வாங்கிப் போட்டேன். போன தீபாவளியின் சீரியல் பல்பைச் சுற்றினேன். கீழே குட்டி மேஜை, அதில் ஊதுபத்தி, மணத்துக்காக. வாசலுக்கு நேரே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடம்.

ரோசலின் இன்று ஊரில் ஒரு துக்க வீட்டுக்குப் போக முன்னதாகவே கிளம்பிவிட்டாள். பார்க்கவில்லை. நாளை பார்த்துக் கண்கலங்குவாள்.

என்னையே மெச்சிக்கொண்டு இரண்டு டீ.

மார்ச் 7, சனி

யாராவது கலங்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஊரே கலங்கியது.

ரோசலின் காலையில் பின்வாசல் வழியாகக் குடோனுக்குப் போய் மூட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு அவள் கொழுந்தன் அந்தோணி, அவள் மறந்து வந்த சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தார். எதிரே சுவர். படம். மாலை. மினுக் மினுக். ஊதுபத்தி.

தூக்கு கீழே விழுந்தது. "அண்ணீ!"

அந்தச் சத்தத்தில் செஞ்சிக் கோட்டையில் ஒரு கல் நகர்ந்திருக்கும். நான் ஓடி வருவதற்குள் மனிதர் போன் போட்டுவிட்டார். ரோசலினுக்குப் போட்டால் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? எல்லார் போனும் ஆபீஸ் பீரோவில். அடுத்து ஊருக்குப் போட்டார். அவள் பின்வாசல் வழியாக வந்தது எனக்கும் தெரியாது; 'லீவு' என்றேன், நம்பவில்லை. அரை மணியில் இரண்டு ஆட்டோ. மாமியார் தலைவிரி கோலம். ஓர் அம்மாள் ஏற்கெனவே ஒப்பாரியில் இரண்டாம் பத்தி.

அப்போது குடோன் கதவு திறந்து, தலையில் உமியோடு, கையில் டீ டம்ளரோடு ரோசலின்.

"யாரு செத்தா?"

ஒப்பாரி அம்மாள்: "நீதாண்டி!"

பிறகு நடந்ததை எழுத என் பேனாவுக்குத் துணிவில்லை. மாமியார் என் சட்டையைப் பிடித்தது மட்டும் குறிப்புக்கு. பொத்தான் இரண்டு போயிற்று. ரோசலின் மாலையைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"தவக்காலத்துல பூவே வெக்கமாட்டேன். எனக்குப் போயி மாலை. நல்லா சந்தோசப்படுத்தினீங்க சித்தப்பா."

மாலை இப்போது என் மேஜை இழுப்பறையில்.

மார்ச் 9, திங்கள்

விசித்திரம். பன்னிரண்டு பேரும் ஆமைவேகம். ஒருத்தி கொஞ்சம் வேகமாகப் பொறுக்கினால் பக்கத்தில் இருப்பவள் இடிக்கிறாள்.

"மெதுவாடி. அடுத்த வாரம் ஒன்னைய மாட்டிடப் போறாரு."

கைக்குழந்தைக்காரி செல்வி என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சொத்தையை மறுபடி பெல்ட்டிலேயே போட்டாள். "நான் ஒன்னும் நல்லா செய்யல சித்தப்பா. இவதான் செய்யறா."

"ஐயோ, நான் எங்க செஞ்சேன்? அவதான்!"

முப்பது வருஷ அனுபவத்தில் முதல்முறையாக, மோசமாக வேலை செய்யப் போட்டி.

முதலாளி மூட்டையில் கைவிட்டுப் பார்த்தார். கை நிறையச் சொத்தை. "இன்னும் ஒரே வாரம் சித்தப்பா. இவங்க போயிட்டாங்கன்னா இந்த சீசன் அவ்ளோதான்." குரலில் பயிற்சி இல்லை. பயம்தான். பிள்ளையாக இருந்தபோது உமிக் குவியலில் குதித்து விளையாடியவன் முகம் ஒரு கணம் தெரிந்தது. எனக்கும் சோறு இறங்கவில்லை. (இறங்கியது. ருசி தெரியவில்லை.)

போகும்போது கேட்டேன். "ரோசலின், இன்னாதாம்மா வேணும் ஒங்களுக்கு?"

நின்றாள். "நாளைக்கு எங்ககூட பஸ்ல வாங்க."

மார்ச் 10, செவ்வாய்

இன்று நான் ஓடினேன். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

5.30 சங்கு ஊதிவிட்டுக் கும்பலோடு நின்றேன். கையெழுத்து வரிசை. பை சோதனை வரிசை. பீரோவில் போன் வாங்கும் வரிசை. மூன்று வரிசையும் என் ஏற்பாடு. கேட்டைத் தாண்டும்போது 5.37. தெருமுனையில் பஸ்ஸின் பின்பக்கம், அப்புறம் புழுதி.

"ஓடுங்க சித்தப்பா! ஜல்தி!"

ஓடினேன். வயிறு முன்னால், நான் பின்னால். செருப்பு ஒன்று வி.புரத்துக்கே பறந்திருக்கும். பஸ் நிற்கவில்லை.

"அடுத்தது?"

"ஏழேகால்," என்றாள் செல்வி. பொங்கலுக்கு முன்னால் இந்த பஸ் 5.50. அப்புறம் 5.35 ஆக்கிவிட்டார்கள். தினமும் இதே ஓட்டம். பத்தில் ஒரு நாள் கிடைக்கும். செல்வியின் குழந்தை பக்கத்து வீட்டில் அழுது அழுது தூங்கியே போய்விடுமாம். ரோசலின் வீட்டு மாடு கறவைக்குக் கத்துமாம்.

"காலைல?"

"எட்டு இருவதுக்கே எறக்கிவுட்டுடறான். ஒம்போது வரைக்கும் கேட்டுக்கு வெளிய ஒக்காந்துக்கினு இருப்போம். பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறேன். அரட்டை அடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"ஏம்மா சொல்லல?"

வள்ளியம்மா: "எழுதிப் போடச் சொன்னீங்க. போட்டோம். டிக்கெட்டுல. டைமோட. இன்னாத்துக்கு பெட்டி வெச்சீங்க, கோழி முட்டை வுடறதுக்கா?"

டைரியைத் திறந்தேன். பக்க அடையாளம். 5.35.

உலகத்தின் முதல் ஹேப்பினஸ் ஆபீசர் பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம். செல்வி கொடுத்த வறுத்த மல்லாட்டை மட்டும் துணை.

மார்ச் 11, புதன்

முதலாளியிடம் போனேன். கால் மணி முன்னால் தொடங்கி, கால் மணி முன்னால் விடலாம். 8.45, 5.15. ஒரு நிமிஷமும் நஷ்டமில்லை.

"சித்தப்பா, அந்த சங்கு தாத்தா வெச்ச நேரம். ஊரே அதப் பாத்துதான் கடிகாரம் வெக்கிது. அத மாத்தறதா? வேற எதுனா கேளுங்க. கேக் வெட்டலாம்."

"கேக்க தூக்கிக்கினு ஓடினா பஸ் நிக்குமா தம்பி?"

"ஒங்க வேலைய பாருங்க."

சரி. பார்க்கிறேன். நாளையும் மறுநாளும் அவர் புதுச்சேரியில், கல்யாணம். சுவிட்ச் யார் கையில்?

மார்ச் 12, வியாழன்

8.45. ஊதினேன். ஒன்றும் இடியவில்லை. பன்னிரண்டு பேரும் எழுந்து உள்ளே வந்தார்கள். ரோசலின் மட்டும் கடந்து போகும்போது ஒரு பார்வை.

5.15. ஊதினேன். பஸ் ஜன்னலில் பன்னிரண்டு கைகள். செல்வி கைக்குழந்தை மாதிரியே கையை ஆட்டினாள். அந்த பஸ்ஸைப் பார்த்து மயிலம் முருகனே மலையிலிருந்து மயிலோடு எழுந்து நின்றிருப்பான்.

தைலம், சரியான முட்டிக்கு: வாங்கியாயிற்று. சரோஜா சந்தேகத்தோடு பார்க்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

மறுபடி 8.45, மறுபடி 5.15. மத்தியானம் பெல்ட்டில் பாட்டு. வள்ளியம்மா பாட, மற்றவர்கள் எசப்பாட்டு. நாயகன்: வயிறு பெரியவன், செருப்பை விட்டு பஸ்ஸுக்கு ஓடியவன். எவனோ.

மார்ச் 14, சனி

மாசி முடிகிறது. நான் மாட்டினேன்.

காட்டிக்கொடுத்தது எதிர் டீக்கடை ஏழுமலை. முதலாளி கார் நின்றதும் போய்ப் பிடித்துக்கொண்டார். "சார், ஒங்க சங்க நம்பித்தான் பஜ்ஜி போடறேன். ரெண்டு நாளா ஜனம் மொதல்ல போவுது, பஜ்ஜி அப்பறம் வேவுது. ஒரே பேஜாரு."

அறைக்குள் அழைப்பு.

"யாரு சொல்லி ஊதினீங்க?"

"ஹேப்பினஸ் ஆபீசர் சொன்னாரு, சூப்பர்வைசர் ஊதினாரு. நடுவுல நான் இல்ல தம்பி."

சிரிக்கவில்லை. "தாத்தா நேரத்துல கைவெச்சிட்டீங்க. திங்கக்கெழமைலேர்ந்து வரவேணாம்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

முப்பது வருஷ சர்வீஸை விரல் விட்டு எண்ணினேன்.

கதவு திறந்தது. ரோசலின், கையில் முறம் நிறையப் பருப்பு. மேஜையில் வைத்தாள். "ரெண்டு நாள் சரக்கு சார். சொத்தை இருந்தா எடுங்க."

முதலாளி கிளறினார். கண்ணாடி போட்டுக் கிளறினார். விரல் வெறுமனே வந்தது.

"பதினாறாந் தேதி போறீங்களா?" என்றார், முறத்தைப் பார்த்துக்கொண்டே.

"அஞ்சேகாலா, அஞ்சரையா, அதச் சொல்லுங்க. அப்பறம் நான் சொல்றேன்."

முதலாளி சுவரில் இருந்த தாத்தா படத்தைப் பார்த்தார். (அதற்கும் சந்தன மாலை. அது முறைப்படி.)

"தாத்தா சங்கு அஞ்சரைக்கு ஊதும். ஊருக்கும் பஜ்ஜிக்கும். ஒங்களுக்கு எட்டேமுக்காலுக்கும் அஞ்சேகாலுக்கும் மணி அடிக்கலாம். சரியா?"

ரோசலின் முறத்தை எடுத்துக்கொண்டாள். "திங்கக்கெழமை தெரியும்."

மார்ச் 15, ஞாயிறு

கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. மூன்று உருண்டையோடு நிறுத்திக்கொண்டேன். சரோஜா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொண்ண கட்டிக்குடுத்தன்னிக்குக் கூட இப்டி இல்ல நீங்க."

நாளை என்று ஒரு நாள் இருப்பதையே மறக்க முயற்சி. முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

8.45. புது மணி அடித்தேன். எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. ரோசலின் இடம் காலி.

நெஞ்சுக்குள் பாசஞ்சர் தடம்புரண்டது. முதலாளி மாடிப்படியில் நின்று அந்தக் காலி இடத்தையே பார்க்கிறார். வள்ளியம்மா குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

வாசல் பக்கம் டொக், டொக். சுத்தியல்.

திரும்பினேன். ஸ்டூல் மேல் ரோசலின், வாயில் ஆணி. சுவரில் அதே பிரேம். உள்ளே நான்! பஸ் ஸ்டாப் கல்லில், ஒரு காலில் செருப்பு இல்லாமல், மல்லாட்டை மென்றுகொண்டு. என்னைக் கேட்காமல் என் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்த சந்தன மாலை. சீரியல் பல்பு. கீழே ஸ்கெட்ச் பேனாவில்:

வார நட்சத்திரம். இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

"எட்டு இருவதுக்கே வந்துட்டேன்," என்றாள் ஆணியை எடுத்துவிட்டு. "ஆணிதான் கெடைக்கல."

தகரக்கூரை இந்தத் தடவை நான்கு அங்குலம் இல்லை, நான்கு அடி. முதலாளி படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். என் கண்ணில் உமி விழுந்துவிட்டது. இரண்டு கண்ணிலும்.

வாட்ச்மேன் அந்தப் படத்தைப் போனில் எடுத்து, 'சித்தப்பா' என்று மட்டும் எழுதி, கீழே உள்ள எழுத்து படத்தில் விழவில்லை என்று கவனிக்காமல், வி.புரத்தில் சரோஜாவுக்கு அனுப்பிவிட்டாராம்.

போன் அடிக்கிறது. சரோஜா. எடுத்தால், பின்னால் ஏற்கெனவே யாரோ ஒப்பாரியில் இரண்டாம் பத்தி.