பரண்மேல் கிடந்த கால்

17-11-58, திங்கள். தூறல்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை அடியேனின் மேலுதட்டில் நான்காவது முடி உதயமாயிற்று. சாட்சி: கண்ணாடி.

அப்பா பூனா பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்பது நாள். பர்மாச் சண்டையில் முழங்காலுக்குக் கீழே போன வலது கால். கட்டைக்கால் உரசி உரசி அங்கே புண். ஆறினால் புதுக் கால் கொடுப்பார்கள். ஆறாவிட்டால் முழங்காலுக்கு மேலே அறுப்பார்களாம். போய்ச் சேர்ந்ததாக ஒரு கார்டு வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

அப்பாவே சொல்வார்: "ரெண்டுல கால் போச்சு. மிச்சம் ஒண்ணேமுக்கால்." மேலே அறுத்தால் ஒன்றரை. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே இப்போது கு.த. (குடும்பத் தலைவர்) நான். கவலை: கிடையாது. அது அம்மா இலாகா.

கு.த. வேலைகள்: விறகு பிளப்பது. தண்ணீர் இறைப்பது. தங்கச்சிகளுக்குச் சடை பின்னுவது. தினமும் கட்டைக்காலை மாட்டும் முன் அப்பா உட்கார்ந்தபடியே இருவருக்கும் பின்னிவிடுவார். இன்று நான். சின்னவள் ரோசி தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது சடையா வைக்கப்பிரியா? மாடு தொரத்தப்போகுது" என்றாள்.

18, செவ்வாய்.

மகத்தான கண்டுபிடிப்பு. பரண்மேல் அப்பாவின் பழைய கட்டைக்கால், பூச்சி அரித்தது. ஒரு கையால் அதைத் தரையில் ஊன்றி, மறுகையால் செருப்பை இழுத்தால்: டொக், சர்ர். டொக், சர்ர். ஆறு மணிக்குப் பூட்டுப் பட்டறையிலிருந்து அப்பா வரும் சத்தம், அச்சு அசல்.

பாண்டி ஆடிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவும் ரோசியும் பாய்ந்து புத்தகத்தை விரித்தார்கள். ரோசியினுடையது தலைகீழ். திண்டுக்கல்லில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

20, வியாழன். மழை விட்டு விட்டு.

ஆறு மணிக்கு மறுபடி அடித்தேன். தங்கச்சிகள் அசையவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். கையில் கரண்டி, கன்னத்தில் மாவு.

"வந்துட்டீகளா..."

என்னைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தேன்.

"எடுத்த எடத்துல வச்சுருலே."

போய்க் காப்பிக்கு வைத்த தண்ணீரை இறக்கினாள். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

22, சனி.

தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

குழாயடியில் கூட்டாளி செல்வத்திடம், "அப்பா இல்லாம செம குஷி" என்றேன்.

"பெறகு ஏன்டா தெனம் ஸ்டேஷனுக்குப் போற?"

"ரயில் பாக்க."

"வடக்க இருந்து வார ரயில மட்டுமா?"

இனி அவனுக்குப் பம்பரம் கிடையாது.

25, செவ்வாய். நல்ல வெயில்.

அம்மா, தங்கச்சிகள் மாதா கோயிலுக்கு. மெழுகுவத்தி, வேண்டுதல். எனக்குப் பாடம் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். ஆறு மணி. டொக், சர்ர். டொக்...

"யார்லே அது, என் கால வச்சு நடக்கறது?"

பின்னால் அப்பா. இளைத்திருக்கிறார். வந்த சத்தமே இல்லை. புதுக் காலுக்கு அடியில் ரப்பராம். மேலே அறுக்கவில்லை.

தொடையைத் தட்டிக் காட்டினார். "ஒண்ணேமுக்கால் அப்பிடியே இருக்கு. கார்டு போட்டனே, வரலையா?"

இல்லையென்று தலையாட்டினேன். மூக்கை உறிஞ்சினேன். ஜலதோஷம்.

"ஆமா, வீட்ல ஆளையே காணோம். யார ஏமாத்துற?"

"எலி வெரட்டுறேன்ப்பா."

விரித்திருந்த சாக்கைப் பார்த்தார்.

எலி கிடையாது. வியாழனுக்குப் பிறகும் தினம் ஆறு மணிக்கு, அம்மாவுக்குக் கேட்காதபடி சாக்கை விரித்து அதன்மேல் அடித்தேன். எனக்கு மட்டும் கேட்டால் போதும் என்று.

நான்காவது முடியும் அடுப்புக்கரிதான்.